பாவாவின் கழுத்தும் என் நாலு நாள் படிப்பும்

ஒரு வலி வந்து குணமானவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வலி இருக்கும்வரை அவன் சாது. குணமான மறுநாளே அரை வைத்தியனாகிவிடுவான். நான் அப்படி ஆனவன். அதனால் என் அக்கா புருஷனுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வீடு திருத்தணியில், வேலை அரக்கோணத்தில், பத்திரம் டைப் செய்யும் ஒரு கடையில். குனிந்து பழைய பத்திரத்தைப் படிப்பது, நிமிர்ந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பது, மறுபடி குனிவது. போகவர ரயிலிலும் குனிந்து செல்போன் (இதை மட்டும் வீட்டில் யாரும் வேலையாக ஒப்புக்கொள்வதில்லை). மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் என் கழுத்து திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார்.

அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் நஸ்ரீன் என்ற பெண் பிசியோதெரபி செய்கிறார். பத்து நாள் வரச் சொன்னார். சூடு ஒத்தடம், சுருக் சுருக்கென்று கரண்ட் வைக்கும் மிஷின். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தலையை மெள்ள இழுத்துப் பிடிப்பார். கூடவே, தாடையை உள்ளே இழுக்கும் பயிற்சி ஒன்று. கண்ணாடி முன்னால் நின்று அதைச் செய்தால், ஓட்டுக்குள் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஆமை மாதிரி இருப்பேன்.

நாலாவது நாள் வலி போய்விட்டது. நானும் நின்றுவிட்டேன். மிச்ச ஆறு நாளும் இதையேதானே செய்யப்போகிறார் என்று நினைப்பு. நஸ்ரீன் போன் செய்து கேட்டதற்கு, வெளியூரில் இருக்கிறேன் என்றேன். (நின்று பேசிய இடம் அவருடைய மாடிக்கு எதிர் டீக்கடை.) அதன்பிறகு ரயிலில் எதிரே யார் உட்கார்ந்தாலும் நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாவா வந்தார். எங்கள் பக்கம் அக்கா புருஷனைப் பாவா என்போம். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். நூல் அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும். இருபது வருஷமாகக் குனிந்துகொண்டிருக்கிறார். அவர் மகள் தேவிக்கு மறுநாள் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மணவூர். அக்காவும் பாவாவும் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பாவா கழுத்தைத் தடவிக்கொண்டே, "மச்சான், உன்னைப் பாத்த அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் ஒரு வாட்டி கூட்டினு போறியா? விசேஷம் முடியட்டும்" என்றார்.

ஆங் பாவா, கூட்டினு போறேன். இந்த நாலு வார்த்தைதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. அதை விட்டுவிட்டு, இதுக்கு எதுக்கு அரக்கோணம், நானே பண்ணிவிடுகிறேன் என்றேன்.

நாளைக்கு விசேஷத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் வேண்டாம் என்று அக்கா தடுத்தாள். பாவாதான் அவளை அடக்கினார். படிச்சவன், தெரியாமலா சொல்லுவான் என்றார்.

கட்டிலில் படுக்கவைத்து, வெந்நீரில் நனைத்த துண்டால் ஒத்தடம் கொடுத்தேன். "வலது கைல எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குது மச்சான். ரெண்டு மாசமா அப்டித்தான்" என்றார் பாவா.

"ரத்தம் ஓடுது பாவா. நல்லதுதான்" என்றேன்.

நஸ்ரீன் முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே கை மரத்துப்போகிறதா என்பதுதான். எதற்காகக் கேட்டார் என்று நான் யோசித்ததே இல்லை.

அடுத்தது துண்டு. நஸ்ரீன் இழுத்தால் இழுப்பதே தெரியாது. நான் கட்டில் சட்டத்தில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு இழுத்தேன். (கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பது மாதிரி இருந்தது என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.) இழுத்த கையோடு லேசாக இடது பக்கம் ஒரு திருப்பும் திருப்பினேன். நஸ்ரீன் செய்யாத காரியம் அது, என் சொந்தச் சேர்க்கை. டக்கென்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டுச்சா பாவா? விட்டுச்சு" என்றேன் பெருமையாக.

பாவா எழுந்து உட்கார்ந்தார். தலை மட்டும் இடது தோளைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். காலையில் சரியாகிவிடும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். காலையில் சரியாகவில்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பாவாவுக்கு வலது பக்கம் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் சம்பந்தி சம்பந்தி என்று பாசமாகப் பேசுகிறார். பாவா பந்தி நடக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார். தை மாசத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். பாவாவால் தலையாட்ட முடியவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ம் என்றார். கேட்டவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். தட்டு மாற்றாமலே நேரம் போய்க்கொண்டிருந்தது.

காரணத்தைச் சொன்னால் தீர்ந்துபோகும். ஆனால் மச்சான் பேரைச் சொல்லி நாலு பேர் நடுவில் அவனை அசிங்கப்படுத்தக் கூடாது என்று பாவா காலையிலேயே அக்காவிடம் சத்தியம் வாங்கிவிட்டாராம். எனக்கு அது தெரியாது. தெரியாவிட்டால் என்ன, காரணம் தெரியும் அல்லவா? ஆனாலும் வாயைத் திறக்காமல் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். இரண்டு பஜ்ஜி. ருசிகூட நினைவிருக்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா தேவியைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இஷ்டம்தானம்மா? உங்க நைனா ஏன் எங்க மூஞ்சியவே பாக்க மாட்றாரு?" என்று கேட்டுவிட்டார். தேவி அழுதுகொண்டே அறையிலிருந்து வெளியே வந்தாள். பாவா மகளைப் பார்க்க, உட்கார்ந்த நாற்காலியோடு சேர்ந்து மொத்தமாகத் திரும்பினார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"அவருக்கு இஷ்டமில்லாம இல்லீங்க. கழுத்து திரும்பல. நேத்து நான்தான் வைத்தியம் பண்றேன்னு இழுத்துட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க டாக்டருங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இல்லீங்க. பத்திரம் டைப் பண்றேன்."

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் பாவாவின் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள்.

தட்டு மாற்றிய கையோடு பாவாவை நஸ்ரீனிடம் கூட்டிக்கொண்டு போனேன். கை மரத்துப்போவதைக் கேட்டதும் அவர் பாவாவின் கழுத்தைத் தொடவே இல்லை. முதலில் ஸ்கேன் எடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் தேவைப்படவில்லை. கழுத்துப் பட்டை, மாத்திரை, அப்புறம் மூன்று மாதம் நஸ்ரீனின் மாடி. பத்து நாள் முழுசாக வராத நான் அந்த மூன்று மாதமும் தவறாமல் பாவாவுக்குத் துணையாகப் போனேன்.

ஒருநாள் நஸ்ரீனிடம் தனியாகக் கேட்டேன், எல்லாம் என்னால்தானா என்று. "முன்னாடியே இருந்திருக்கு சார். உங்களால எவ்ளோ ஜாஸ்தியாச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

தையில் கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரிடமாவது சம்மதம் கேட்டு, அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், மாப்பிள்ளையின் அப்பா உடனே, "கழுத்தா, மனசா?" என்று கேட்பார். இடம் வாங்கும் பேச்சிலும் கேட்பார், இன்னொரு இட்லி வைக்கும்போதும் கேட்பார். மொத்த வீடும் சிரிக்கும். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் பாவாதான். கழுத்து இப்போது நன்றாகத் திரும்புகிறது. வலது கையில் இரண்டு விரல்தான் இன்னும் முழுசாகச் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நூல் முடிச்சு பிடிபடாததால் தறியை விட்டுவிட்டு, அதே கொட்டகையில் சேலை மடித்து அடுக்கும் வேலைக்கு மாறிவிட்டார். காபியை இடது கையால்தான் வாங்குகிறார்.

நானும் சிரிப்பேன். எல்லாரும் சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும்.