மாமியாரை இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும், வீட்டில் இன்னும் இடிக்கப்படாத பகுதிகளும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் மாமியார் நலமாக இருப்பதோடு அங்கேயே இருக்கவும் வேண்டும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் யார் போன் அடித்தாலும் ஓடி வந்து எடுப்பவள் அவள்தான். என் குரலைக் கேட்டதுமே எதையோ மறைக்கிறேன் என்று மோப்பம் பிடித்துவிடுவாள். அதனால் உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனீர்களானால், துவைக்கப் போடும்போது அவள் கையில்தான் கிடைக்கும்.

விஷயம் என்னவென்றால், நான் சமையலறையைப் புதுப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் சமையல் மேடை யாரோ நெட்டையான ஆளுக்காகக் கட்டியது போல உயரம். கிளறும்போதெல்லாம் உங்கள் மாமியார் தோளைத் தூக்கித் தூக்கியே வலது தோள் வீணாகிவிட்டது. "மேடையைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்று பத்து வருடமாகக் கேட்டாள். வேறு எதுவும் கேட்டதில்லை. நானும் ஒவ்வொரு வருடமும் அடுத்த பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லி வந்தேன். அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பட்ஜெட் பிரிவில் இருந்தவன் நான். அங்கேயும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பேரனைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டுக்குக் கிளம்பிய மறுநாள், சத்தமில்லாமல் வேலையை முடித்து, இருபதாம் தேதி அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அசந்துபோக வைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். இன்றைக்குத் தேதி பதினான்கு. அவள் கண்டிப்பாக அசந்துபோவாள், அதில் சந்தேகமில்லை.

பட்ஜெட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது மாப்பிள்ளை. ஒன்றரை லட்சம். நோட்டில் பத்தி பத்தியாகக் கோடு போட்டு, இருபத்திரண்டு இனங்கள் எழுதி, மேஸ்திரியை நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேடைக் கல்லுக்கு இவ்வளவு, சுவர் டைல்ஸுக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று எட்டு இனங்களுக்குச் சரியாகச் சொன்னார். கரண்ட் லைன் மாற்ற வேண்டியிருந்தால் என்று கேட்டேன். "பாத்துக்கலாம் சார்" என்றார். இடித்த குப்பையை அள்ளிப்போட? பாத்துக்கலாம் சார். அலமாரிக் கதவு? ஜன்னல்? குழாய்? எல்லாவற்றுக்கும் பாத்துக்கலாம். எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோய், அந்தப் பதினான்கு இனங்களுக்கும் நேராக 'மேஸ்திரியே பார்த்துக்கொள்வார்' என்று எழுதி, பக்கத்தில் அழகாகப் பூஜ்யம் போட்டேன். எதிர்பாராத செலவு என்று தனியாக ஐயாயிரம் ஒதுக்கினேன். அது முதல் நாள் டீ, பிஸ்கட்டிலேயே கரைந்துவிட்டது. எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் டைல்ஸைப் பெயர்த்தார்கள், உள்ளே சுவர் ஊறிப்போயிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சுவருக்குள் ஒரு குழாய் எத்தனை வருடமாகவோ கசிந்துகொண்டிருக்கிறது. அது எங்கே போகிறது என்று பிளம்பர் அதைப் பின்தொடர்ந்து உடைத்துக்கொண்டே போய், கடைசியில் குளியலறையில் தலையை நீட்டினார். இப்போது அடுப்பு இருந்த இடத்தில் நின்றால் குளியலறை வாளி தெரிகிறது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று குளியலறைக் குழாயையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இதற்கிடையில் தள்ளுபடியில் கிடைத்ததே என்று நான் வாங்கிய பாத்திரம் கழுவும் தொட்டி வந்து இறங்கியது. அது மேடையைவிட ஒரு சாண் அகலம். அதற்காகப் பெரிய கல், பெரிய கல்லைத் தாங்கத் தனிச் சுவர், தூக்கி வர நான்கு ஆட்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மணல் விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், மகளிடம் சொல்லிவிடாதீர்கள். மேடையை இரண்டு அங்குலம் இறக்கினால் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு, மேஸ்திரிக்குப் போன் செய்தேன். லாரிச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "எவ்ளோ சார் இறக்கணும்?" என்று கேட்டார். "ரெண்டு இறக்கிடுங்க" என்றேன். அவர் நின்றிருந்தது மணல் கிடங்கில் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் வாசலைத் திறந்தால் இரண்டு லோடு மணல் இறங்கியிருக்கிறது. நம் வேலைக்கு நான்கு மூட்டை போதுமாம். மேல்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் மூன்று நாளாக பஸ்ஸில் போகிறார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார். மணல் குவியலில் ஏறி விளையாடும் அவருடைய இரண்டு பிள்ளைகள் மட்டும் என்னைப் பார்த்தால் சந்தோஷமாகக் கையாட்டுகிறார்கள். மணலைத் திருப்பி எடுக்கச் சொன்னால், ஏற்றுக்கூலி இறக்குக்கூலியைவிட அதிகமாம்.

ஐந்தாம் நாள் மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். நான் பூஜ்யம் போட்ட பதினான்கு இனங்களும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தொகையோடு.

"நீங்கதானே மேஸ்திரி பாத்துக்கலாம்னு சொன்னீங்க?" என்றேன்.

"ஆமா சார். வர்றப்ப பாத்துக்கலாம்னு சொன்னேன். இப்ப வந்துடுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை. அதுதான் எனக்கு ஆத்திரம். முப்பத்தொரு வருடம் நானே எத்தனை கோப்புகளில் 'பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! ஒருவராவது அதற்கு நான் என் கைப்பணத்தைப் போடுவேன் என்று அர்த்தம் செய்துகொண்டாரா? மொத்தம் இப்போது இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தில் வந்து நிற்கிறது. நிற்கிறது என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

பிரிட்ஜ் என் கட்டிலை ஒட்டி நிற்கிறது. டப்பாக்கள் செருப்பு வைக்கும் ஸ்டாண்டில். ஒரு வாரமாக ரொட்டியும் டீயும்தான், டீயில் சிமென்ட் வாசனை. இதை எழுதுவதும் ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துதான். மூட்டை வேண்டும் என்று இரண்டு தடவை எழுப்பிவிட்டார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவள் வந்து என்னைத் திட்டுவாளோ என்று பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்வேன், பழக்கம்தான். அவள் திட்ட மாட்டாள். இதையெல்லாம் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "விடுங்க, பழையபடியே கட்டிடுங்க" என்று சொல்லி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மறுபடியும் அந்த உயரத்திலேயே சமைக்கப் போய்விடுவாள். அப்புறம் ஜென்மத்துக்கும் மேடையைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். அதுதான் என் பயம்.

ஆகையால், உலகத்தில் எந்த மாமனாரும் எந்த மாப்பிள்ளையிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் மாமியாரை இன்னும் இரண்டு வாரம் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என்ன காரணம் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. சமையலைப் புகழ்ந்துவிடாதீர்கள், உடனே சந்தேகப்படுவாள். பேரன் பாட்டியைத் தேடுகிறான் என்று சொல்லிப்பாருங்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னாலும் குற்றமில்லை. அந்தப் பாவத்தில் பாதி என் கணக்கில்.

என் மகளுக்கு ஆசிகள். பேரனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் எல்லா நலனும் பெற்று, சொந்த வீடு கட்டினால் முதலிலேயே மேடையைத் தாழ்வாகக் கட்டி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: தபாலில் போடப் போனவனை மேஸ்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார். மேடை வைக்க வேண்டுமாம், உயரம் என்ன என்று கேட்டார். பழையதைவிட இரண்டு அங்குலம் கம்மி என்றேன். யார் அளந்தது என்றார். உத்தேசம் என்றேன். "சமைக்கிறவங்க வந்து நின்னு முழங்கையை மடக்கிக் காட்டணும் சார், அதுக்கு அஞ்சாறு விரல் கீழே வைப்போம். உத்தேசத்துல கல்லு வைக்க மாட்டேன்" என்று கொத்துக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நான் முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்கு நின்று காட்டினேன். எவ்வளவு மடக்குவது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடமாகப் பக்கத்தில் இருப்பவள் என் தோள் வரை வருவாளா, காது வரை வருவாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை மாப்பிள்ளை. வெட்கத்தை விட்டு அவளுக்கே போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் துளிகூட அசரவில்லை. "தெரியும். நான் கிளம்பினதே அதுக்குத்தான். நான் அங்க இருந்தா நீங்க ஆரம்பிச்சிருக்கவே மாட்டீங்க. வேலை எல்லாம் முடியட்டும், இன்னும் ஒரு மாசம் இருக்கேன்னு மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். "உன் முழங்கை வேணுமாம்" என்றேன். நூலில் அளந்து கவரில் போட்டு அனுப்புகிறாளாம். போனை வைத்துவிட்டேன். ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் ரத்து. பத்து வருடமாக அவள்தான் என்னிடம் கேட்டாள். இப்போது நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். நூல் வேண்டாம், அவளை அனுப்புங்கள்.