மீன்தலை சாருக்கு வைத்த பொட்டு

மீனின் உடம்பை ஊருக்குத் தானம் செய்துவிட்டுத் தலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிற மனிதரை உத்திரமேரூர் தாலுக்கா அதற்கு முன் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மனைவிக்கு இங்கே பாங்க் வேலை, இவருக்குச் சென்னையில் ஆராய்ச்சி, குடித்தனம் எங்கள் மாடியில். அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. தெரு அதைச் சட்டை செய்யவில்லை. மீன்தலை சார், அவ்வளவுதான்.

மீனின் காதுக்குள் ஒரு வெள்ளைக் கல் இருக்கும். அதுவும் கத்தாழை மீனுக்குப் பெரிய கல். அதை எடுத்து கல்லுக்கொரு டப்பா கொடுத்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்.

"எதுக்கு சார் இந்த பேஜாரு?" என்று என் மனைவி சரசு ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"மீன் வளர வளர, அது நீந்தின தண்ணியில இருக்கிறதெல்லாம் இந்தக் கல்லுல ஏறிக்கிட்டே இருக்கும்க்கா. அறுத்து மெஷின்ல வெச்சா, கிழக்குக் கடல்ல வளந்ததா, மேற்குக் கடல்ல வளந்ததான்னு சொல்லிடலாம். எல்லாம் ஒரே கூட்டம்னு நெனச்சு அள்ளினோம்னா, ஒரு பக்கத்துக் கூட்டமே காலியாயிடும்."

சரசு பலமாகத் தலையாட்டினாள். கீழே வந்து, "நல்ல மனுசன், பாவம்" என்றாள்.

பக்கத்து ஊரான பெருநகரில் என் மச்சான் வீட்டுக் கறிவிருந்துக்கு அவரையும் அழைத்துப்போனேன். புது மாப்பிள்ளைக்கு மரியாதையாக மீன்தலை வைத்தார்கள். எதிரே உட்கார்ந்த மீன்தலை சார், மாப்பிள்ளை ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் எட்டிப் பார்த்தார். "மாப்ள, மெதுவா. காதுகிட்ட கடிச்சிராதீங்க." மாப்பிள்ளை அன்றிலிருந்து சைவம்.

வினை ஆயுத பூஜையன்று வந்தது. சாரும் அவர் மனைவியும் ஊரில் இல்லை. மறுவாரம் சென்னை மெஷினில் அவருக்கு முறை கிடைத்திருந்தது. அதை விட்டால் டாக்டர் பட்டமும் கையை விட்டுப் போகும். தெருவில் டிராக்டர், தராசு, தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. சாரின் தொழில் மட்டும் பூஜை இல்லாமல் கிடப்பதா? சாவி சரசுவிடம்தான் இருந்தது. அத்தனை டப்பாவையும் திறந்து, கற்களையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஒரே தாம்பாளத்தில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாள்!

திரும்பி வந்த சார் தாம்பாளத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எந்தக் கல்லு எந்த டப்பாவுலக்கா இருந்துச்சு?"

"எல்லாம் ஒரே மாதிரிதான சார் கீது?"

"அதுதான்க்கா என் ஆராய்ச்சியே."

இனி அந்தக் கற்களை மெஷினில் வைத்தால், மீன் வளர்ந்தது எங்கள் பூஜை அறையில் என்றுதான் காட்டும். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சரசு அழுதுவிட்டாள்.

சார் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கடற்கரையிலும் இருந்த நண்பர்களுக்குப் போன் போட்டார். இரண்டு நாளில் ஐஸ் பெட்டி ஐஸ் பெட்டியாகக் கத்தாழை வந்து இறங்கியது. எங்கே? புரட்டாசி விரதம் இருக்கிற எங்கள் வீட்டில்! விரத மாதத்தில் முட்டை வாசனை பட்டாலே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சரசு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தலையறுக்க உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது, விரதம்?" என்றேன்.

"பெருமாளாண்ட நான் சொல்லிக்கிறேன். நீ அந்த மேற்குப் பெட்டிய இதோட கலக்காம தள்ளி வை."

கல்லில் இரும்பு படக்கூடாது, பிளாஸ்டிக் இடுக்கிதான். குழாய்த் தண்ணீர் ஆகாது, அவர் பாட்டில் தண்ணீர்தான். இந்தச் சட்டமெல்லாம் இப்போது சரசு கையில். சாரையே இரண்டு தடவை கை கழுவ அனுப்பினாள். தலை போக மிஞ்சிய மீன் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனது. அங்கே பாதிப் பேருக்கு அன்றோடு விரதம் முடிந்தது.

சென்னைக்குக் கிளம்பும்போது சார் டப்பாக்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதைச் சரசு முன்னால் நீட்டினார்.

"பொட்டு வைங்கக்கா. வெளிப்பக்கம் மட்டும்."

வெளியே மட்டும்தான் வைத்தாள். நாலாம் நாள் போன் வந்தது. "கிழக்கு வேற, மேற்கு வேறன்னு பளிச்னு பிரிஞ்சிடுச்சுக்கா!" சரசு தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். எதற்கு என்று விளக்க அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

பட்டம் வாங்கினார், வேறு கடற்கரையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாடிக்கு ஆள் கேட்டு வருகிறார்கள். எனக்குத்தான் விட மனசில்லை. இந்த ஆயுத பூஜைக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். காலி அலமாரியின் வெளிக்கதவில் சந்தனமும் குங்குமமும் ஈரமாக இருந்தன.