துருப்பிடிக்காத துளை

கிக்கரை மிதித்தால் அது இறங்கவே இல்லை. லோடுமேன் தன் முழு எடையையும் அதன்மேல் ஏற்றி நின்றார். வண்டி அவரைச் சுமந்ததே தவிர அசையவில்லை.

“அதுமேல ஏறி நின்னு யாருக்குக் கை காட்டுறீங்க?” என்றாள் மனைவி, துணி உலர்த்தியபடி.

பின்கட்டில் பன்னிரண்டு வருடமாகச் சாய்ந்து கிடந்த சின்ன மோட்டார் சைக்கிள் அது. ஓடிக்கொண்டிருந்தது, ஒருநாள் காலையில் கிளம்ப மறுத்துவிட்டது. வழக்கமான மெக்கானிக் ஊர் மாறிப் போயிருந்தார். மற்றவர்கள், “இந்த மாடலுக்கு இனிமே பார்ட்ஸ் ஏது?” என்று கையை விரித்தார்கள். அன்றிலிருந்து கிடங்குக்குப் போக ஒரு மணி நேர நடை, வர ஒரு மணி நேர நடை, நடுவில் மூட்டை. இப்போது படி ஏறினால் முட்டி பேசுகிறது.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றார். அதுக்குள்ள ஓடினா வண்டி உங்களுது. இல்லேன்னா அவருது.”

“ஓடும்டி. முதல் சவாரியே எங்க அக்கா வீட்டுக்குத்தான்.”

“தெரியுமே. இது ஓடின காலத்துல ஞாயித்துக்கிழமை உங்க முகத்தை யார் பாத்தா? விடிஞ்சா அக்கா வீட்டுத் தண்ணித்தொட்டி, பொழுது சாஞ்சா அக்கா வீட்டுக் கூரை.”

சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்க்கு ஒரு வாளியும் துடைக்கத் துணியும் அவளே கொண்டுவந்து வைத்தாள். வாய்தான் காரம், மனசு தங்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பிளக்கைக் கழற்றி, அந்த வழியாக எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டார். வியாழக்கிழமை கிக்கர் ‘களுக்’கென்று இறங்கியது. அந்தக் குஷியில் அடி நட்டைத் திறந்தார். பழைய ஆயில் வரலாமா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு தார்போல் மொத்தமாக விழுந்தது. வாளியில் அல்ல, அவள் ஊறவைத்திருந்த போர்வையில்.

“பரவாயில்ல, விடுங்க,” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டறியாத வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை புது ஆயில் ஊற்றிவிட்டு, பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். எல்லாத் துளையிலும் பச்சைக் களிம்பு. நடுவில் ஒன்று மட்டும் அகலமாக, உள்ளே திருகு வரியோடு, அடைப்பே இல்லாமல் இருந்தது. ஊதினால் காற்று சீட்டியடித்தபடி அந்தப்பக்கம் போனது.

“பாத்தியா, இது ஒண்ணாவது யோக்கியமா இருக்கு.”

“ஆமா. அதை மட்டும் நோண்டாதீங்க.”

மாட்டி மிதித்தார். வண்டி பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்ததே ஒழிய, ஏப்பம்கூட விடவில்லை. பிளக் நனைந்து சொட்டியது. அடுப்பில் வாட்டினார். அன்று காய்ச்சிய பால் பெட்ரோல் வாடை அடித்தது. அதற்கும் அவள் “பரவாயில்ல” என்றாள்.

சனிக்கிழமை முப்பதாவது மிதியில் ‘டமார்’ என்றொரு வெடி. கரும்புகை சுவரைத் தாண்டியது. பக்கத்து வீட்டுத் தையல்காரர், சுவரோரக் கொடியில் காயப்போட்டிருந்த ஆறு வெள்ளைக் கோட்டோடு எட்டிப் பார்த்தார்.

“மாமா, இது டாக்டருங்களுக்குத் தச்சது. இனிமே வக்கீலுங்களுக்குத்தான் குடுக்கணும்.”

“கோவிச்சுக்காத மாப்ள. பெட்ரோல் அளவில்லாம வருது. என்ன குறைன்னுதான் புரியல.”

தையல்காரர் வாயைத் திறந்தார். பிறகு லோடுமேனின் மனைவியைப் பார்த்தார்.

“போய் உன் வேலையப் பாருப்பா,” என்றாள் அவள்.

முப்பத்தோராவது மிதியில் கிக்கர் திருப்பி அடித்தது. எந்த முட்டியைக் காப்பாற்ற இத்தனை பாடோ, அதே முட்டியில்.

ஞாயிறு பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்தார். வண்டியைத் தட்டுவண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்.

“கண்ணாடி மாதிரி துடைச்சு வச்சிருக்கீங்க. உடைக்கவே மனசு வரலையே!”

“ஓடலையே, என்ன பண்றது?” என்றார் லோடுமேன், வாசற்படியில் காலை நீட்டியபடி.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். “போனாப் போகுது. நடந்து அக்கா வீட்டுக்கா போக முடியும்? இன்னிக்காவது வீட்டோட இருங்க.”

அவருக்குக் கண் கலங்கியது. “உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க...”

முடிப்பதற்குள் தையல்காரர் கையில் பட்டன் டப்பாவோடு ஓடி வந்து அவள்முன் நின்றார்.

“அக்கா, வண்டியே போகுதே! பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி அதோட கார்புரேட்டர்லேருந்து கழட்டிக் குடுத்தீங்களே, இந்தப் பித்தளைத் திருகு... இனிமேலும் இதை நான் ஒளிச்சு வைக்கணுமா?”