மாமனாரும் நானும் ஒரு விரால் மீனும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதே ஒரு பொய்யால்தான். பெண் பார்க்கும் இடத்தில் யாரும் முழு உண்மை பேசுவதில்லை. மாப்பிள்ளையின் உயரத்தில் ஓர் அங்குலம், பெண்ணின் சமையலில் நாலு குழம்பு என்று கூட்டிச் சொல்வது வழக்கம்தான். நான் ஒரு படி மேலே போய், "எனக்கு மீன் பிடிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அன்று வந்தது மூன்றாவது கோஷ்டி. நெய்வேலிக்காரர்கள். மாப்பிள்ளை குமரனுக்குத் தெர்மல் மின்நிலையத்தில் வேலை, பெர்மனென்ட். (அந்தப் பெர்மனென்டை ஒரு பட்டம் மாதிரி பெயரோடு சேர்த்தே சொன்னார்கள்.) குமரனின் பெரியம்மா ஆரம்பித்தார். "பாட்டு வருமா?" வராது. "கோலம்?" சுமார். "தையல்?" இல்லை. "அப்ப என்னதாம்மா தெரியும் ஒனக்கு?"

முந்தைய இரண்டு கோஷ்டிகளும் இதே கேள்வித்தாளோடுதான் வந்திருந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அப்போதுதான் வாயில் வந்தது அந்த மீன்.

கேசரித் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மீன் தொட்டி வைத்திருக்கிற வீட்டுக்குக்கூட நான் போகமாட்டேன் என்பது அவளுக்குத்தானே தெரியும்! ஆனால் அதுவரை குனிந்த தலை நிமிராமல் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா, தட்டைக் கீழே வைத்தார்.

"தூண்டிலா, வலையா?"

"தூண்டில்தாங்க."

அவர் மகன் பக்கம் திரும்பி, "டேய், முடிச்சிரலாம்டா" என்றார்.

என் மாமனாராகப் போகிற மாணிக்கம் மாமா நெய்வேலிச் சுரங்கத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆவதற்கு முன்பும் பின்பும் அவருடைய ஒரே ஆசை, ஏரியும் தூண்டிலும். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து தினமும் போன் வரும். மாப்பிள்ளையிடமிருந்து அல்ல, மாமாவிடமிருந்து.

"ஏம்மா, வெராலுக்கு நீ என்ன எர போடுவ?"

போனைக் காதிலிருந்து எடுத்து, அதிலேயே அவசரமாகத் தேடிப் பார்த்து, "சின்னத் தவளை மாமா" என்பேன்.

"அப்படிப் போடு!" என்று அந்தப் பக்கம் தொடையைத் தட்டும் சத்தம் கேட்கும்.

கல்யாணத்துக்கு அவர் தந்த பரிசு, ரீல் வைத்த புதுத் தூண்டில் கோல். அதில் சிவப்புப் பெயின்டில் என் பெயர். மேடையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற போட்டோ இன்றும் ஹாலில் மாட்டியிருக்கிறது. கழுத்தில் தாலி, கையில் தூண்டில், முகத்தில் மரண பயம்.

குமரனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்பாகிட்ட சொல்லிடாத. எத்தினியோ வருஷமா ஏரிக்குக் கூட வர ஆள் தேடிகினு இருக்காரு. நானும் போகமாட்டேன், அம்மாவும் போகமாட்டாங்க. இப்ப அவரு எவ்ளோ சந்தோஷமா இருக்காரு தெரியுமா?"

அதற்குமேல் எப்படிச் சொல்வது? குவார்ட்டர்ஸ் பின்பக்கத்தில், மாமரத்தடியில், போனில் மீன்பிடி வீடியோக்களைப் பார்த்து, விளக்குமாற்றில் கயிறு கட்டி வீசிப் பழகினேன். பின்வரிசைக் குவார்ட்டர்ஸ் அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு. என் பெற்றோர், சித்தி குடும்பம், மாமாவின் தங்கை குடும்பம் என்று பத்துப் பேருக்கு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. சனிக்கிழமையே அத்தை, அதாவது என் மாமியார், "எதுக்கும் ஒரு கோழி வாங்கி வெக்கட்டுமா?" என்று கேட்டார்.

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மருமவ மீன் புடிக்கப் போறா, நீ கோழி வாங்கறன்ற? அவளுக்கு எவ்ளோ அவமானம்!"

(எனக்கு ஓர் அவமானமும் இல்லை, அத்தை. வாங்குங்கள், தயவுசெய்து வாங்குங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.)

கோழி வாங்கப்படவில்லை. அம்மியில் மீன் மசாலா மட்டும் அரைபட்டது.

விடிந்ததும் குமரன் பஸ்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் மாமாவின் மொபெட்டில் ஏரிக்கு. கரையில் கலியபெருமாள் காத்திருந்தார். ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவர், மாமாவின் முப்பது வருட சிநேகிதர். அவருடைய வட்டமான பரிசலில்தான் மூன்று பேரும் ஏறினோம். வீடியோக்களில் பார்த்த படகுக்கெல்லாம் முன்பக்கம், பின்பக்கம் என்று இருந்தது. இதற்கு எந்தப் பக்கமும் இல்லை. நான் காலை மாற்றி வைத்தாலே ரங்கராட்டினம் மாதிரி சுற்றியது.

நடு ஏரியில் துடுப்பை நிறுத்தினார் கலியபெருமாள். நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்தது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "போடும்மா" என்றார்.

விளக்குமாற்றை நினைத்துக்கொண்டு, கோலைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, பலங்கொண்ட மட்டும் வீசினேன்.

தலைக்கு மேல் ஏதோ கனமாகப் பறந்தது. கண்ணைத் திறந்தால், அத்தை எங்களுக்குக் கட்டிக் கொடுத்த பொடி இட்லிப் பை, தூண்டில் முள்ளில் மாட்டி, அழகாக ஒரு வளைவு போட்டுப் போய், ஏரியில் தொபுக்கென்று விழுந்தது. பை கிழிந்து பதினான்கு இட்லிகளும் தண்ணீரில் மிதந்தன.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாமாவோ கலியபெருமாளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாத்தியாடா! மொதல்ல எர எறைச்சு மீனைக் கூட்டுது! இந்த வித்தை ஒனக்குத் தெரியுமா?"

கலியபெருமாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், மீன் கூடியது! இட்லியைச் சுற்றித் தண்ணீர் கொதிப்பது மாதிரி குஞ்சு மீன்கள். மாமா அவசரமாக என் முள்ளில் தவளையைக் கோத்துக் கொடுத்தார். (நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டேன்.) குஞ்சு மீனைத் தின்ன வந்த ஏதோ ஒன்று, தக்கையை ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோனது. கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்தியது. ரீலைவிட நான் அதிகம் கத்தினேன்.

"மாமா! இழுக்குது மாமா! நெஜமாவே இழுக்குது!"

"வுடாத! வுடாதம்மா!"

அந்த நிமிஷத்தில் பயமாவது ஒன்றாவது! உடம்பெல்லாம் புல்லரித்தது. பரிசலில் இருப்பதே மறந்து, துள்ளி எழுந்து நின்றேன்.

"ஐயய்யோ, ஒக்காரும்மா!" என்று இருவரும் சேர்ந்து கத்தியது காதில் விழுவதற்குள், பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூன்று பேரையும் ஏரியில் கொட்டிவிட்டது.

"காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று கையைக் காலை அடித்தேன். ஏரித் தண்ணீரில் பாதியைக் குடித்தேன். கடைசியில் கலியபெருமாளின் குரல் மிக அமைதியாகக் கேட்டது.

"யம்மா, காலை ஊனு. இடுப்பளவுதான் தண்ணி."

ஊன்றினேன். இடுப்பளவுதான்.

கையில் கோல் அப்படியே இருந்தது. மாமா கண் கலங்கிப்போனார். "தண்ணிக்குள்ள போயும் கோலை வுடல பாரு!" என்றபடி தூண்டில் நரம்பைக் கையால் இழுத்து, மறுமுனையில் துள்ளியதன்மேல் குப்புற விழுந்து, துண்டில் சுருட்டி எடுத்தார். விரால்! முழங்கை நீளத்துக்குக் கருகருவென்று ஒரு விரால்!

அதை மூடி போட்ட பெயின்ட் வாளியில் தண்ணீரோடு விட்டு என் மடியில் வைத்தார்கள். வழியெல்லாம் அது உள்ளிருந்து டம் டம் என்று முட்டிக்கொண்டே வந்தது. நேராக வீட்டுக்குப் போகாமல் மந்தாரக்குப்பம் வழியாகச் சுற்றி, தெரிந்த டீக்கடையில் எல்லாம் மொபெட்டை நிறுத்தி, மூடியைத் திறந்து காட்டினார் மாமா. "நம்ம மருமவ புடிச்சது!" ஈரத் துணியும் பாசி ஒட்டிய தலையுமாக நான் பின்னால் உட்கார்ந்து ஊருக்கே கும்பிடு போட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டிருந்தது.

வீட்டில் அத்தை அரிவாள்மணை, கல்லுப்பு, சாம்பல் மூன்றையும் பின்பக்கக் குழாயடியில் தயாராக வைத்திருந்தார். "முப்பது வருஷம் நான் கழுவிட்டேன். இனிமே ஒன் பாடு" என்று உள்ளே போய்ப் புளி கரைக்க ஆரம்பித்தார்.

மூடியைத் திறந்தேன். விரால் என்னைப் பார்த்தது. நான் விராலைப் பார்த்தேன். ஒரே ஒரு விரலால் தொட்டேன். அது வாளியிலிருந்து எம்பி, என் தோளில் அடித்து, சமையல்கட்டுக்குள் விழுந்தது. விரால் தரையில் நெளிந்து நெளிந்து நெடுந்தூரம் போகும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. நான் பிடிக்கப் பிடிக்க அது வழுக்கி, நேராக ஹாலுக்குப் போனது.

சரியாக அந்த நேரத்தில், பூவும் பழமுமாக வாசல்படி ஏறினாள் என் அம்மா.

"பாம்பு! பாம்பு!"

தட்டு பறந்தது. அம்மா சோபா மேல். சித்தி கட்டில் மேல். அப்பா குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டார். (எதற்கென்று அவருக்கே இன்றுவரை தெரியாது.)

"பாம்பு இல்லம்மா, மீன்!" என்று ஓடி வந்தேன்.

பதற்றத்தில் அம்மாவுக்கு, நாங்கள் சேர்ந்து காப்பாற்றி வந்த பொய் சுத்தமாக மறந்துவிட்டது. "மீனா? மீனைப் பாத்தாலே அழுவியேடி நீ! தொட்டி மீனுக்கே நடுங்குவ! ஒன்னை ஏன் சம்பந்தி இதெல்லாம் செய்யச் சொன்னாரு?"

விரால் சோபாவுக்கு அடியில் புகுந்து வாலை அடித்தது.

மாமா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப, தவளைன்னு சொன்னியேம்மா?"

"போன்ல பாத்துச் சொன்னேன் மாமா."

"இட்லி எறைச்சது?"

"தெரியாம மாட்டிக்கிச்சு மாமா."

"தண்ணியில கோலை வுடாம..."

"நரம்பு துப்பட்டாவுல சுத்திக்கிச்சு மாமா."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கு அழுகை முட்டியது. இதற்கு ஏரியிலேயே முழுகியிருக்கலாம் என்றிருந்தது. (இடுப்பளவுத் தண்ணீரில் அதுவும் நடக்காது.)

அப்போது வாசலில் ஒரு சிரிப்பு. சாப்பிட வந்த கலியபெருமாள், கையில் ஒரு பை கெண்டையோடு நின்றிருந்தார்.

"அந்தப் பொண்ணை ஏண்ணே மெரட்டறீங்க? முப்பது வருஷமா நீங்க வூட்டுக்கு எடுத்துகினு போன வெரால் எல்லாம் என் வலையில வுழுந்ததுதான்னு நீங்க சொன்னீங்களா அண்ணிகிட்ட?"

மாமா வெளிறிப்போனார். அத்தை அலட்டிக்கொள்ளாமல் சோபாவுக்கு அடியில் கைவிட்டு, ஒரே பிடியில் விராலைச் செவுளோடு தூக்கினார்.

"எனக்குத் தெரியாதா? தூண்டில்ல மாட்டுன மீனுக்கு வாயில முள்ளு குத்துன காயம் இருக்கும். இவரு கொண்டாந்த ஒரு வெரால்லகூட நான் அதைப் பாத்ததில்ல. சந்தோஷமா கொண்டாந்து குடுக்கறாரு, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

பிறகு விராலின் வாயைப் பிளந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இருக்குது" என்றார்.

மாமா பாய்ந்து எழுந்தார். அவரும் பார்த்தார். கலியபெருமாளும் பார்த்தார். அப்பாகூடக் குடையை மடக்கிவிட்டு வந்து பார்த்தார்.

"அப்ப இந்த வூட்ல தூண்டில் போட்டு வெரால் புடிச்ச மொத ஆளு நீதாம்மா!" என்று மாமா கத்தியது நாலு பிளாக்குக்குக் கேட்டிருக்கும். "தெரியாமயே இப்படிப் புடிக்கறியே, தெரிஞ்சா என்னா ஆவும்! அடுத்த ஞாயித்துக்கெழமை அஞ்சு மணிக்கே கெளம்பிடணும்!"

அத்தையே மீனைக் கல்லில் தேய்த்துக் கழுவினார். கெண்டையையும் சேர்த்து, மாங்காய் கீறிப் போட்டு, மண்சட்டியில் நல்லெண்ணெய் மிதக்க அவர் வைத்த குழம்பை, ஷிப்ட் முடிந்து குமரன் வரும்வரை காத்திருந்து சாப்பிட்டோம். சோபாவைவிட்டு இறங்க மறுத்த அம்மா, அங்கேயே தட்டை வாங்கி இரண்டாவது தடவையும் குழம்பு கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விரால் குழம்புக்குப் பாம்புக் குழம்பு என்றுதான் பெயர். அந்தப் பெயரின் கதை தெரியாமலே வளர்ந்த என் மகள், போன வருடம் பள்ளியில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு அதையே சொல்லியிருக்கிறாள். மறுநாளே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நான் போவதற்குள் மாமா மொபெட்டில் போய்விட்டார்.

"சார், கொழந்தை பாம்பு சாப்பிட்டதா சொல்றா. உண்மையா?" என்று கேட்டாராம் டீச்சர்.

"ஆமாங்க டீச்சர்," என்றாராம் மாமா, நெஞ்சை நிமிர்த்தி. "எங்க மருமவ புடிச்சது."