பாஸ்வேர்டு அப்பா

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஓர் இணைய இணைப்பு, அதைத் தொடுகிற வயதில் ஒரு பிள்ளை. இந்த மூன்றும் ஒரே குவார்ட்டர்ஸுக்குள் சேர்ந்த மறுவாரமே அங்கே ஒரு புதுப் பிறவி உருவாகிவிடுகிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பாஸ்வேர்டு அப்பா. எங்கள் நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு, அதாவது பிளாக்குக்கு, நாலு பேராவது தேறுவார்கள்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கடையில் நின்றாலும், ஷிப்ட் பஸ்ஸில் தொங்கினாலும், கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் காத்திருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் "எம் பையன் எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே கெடக்குறான் சார்" என்று வாயைத் திறந்தால் போதும், இவர் இலையைக்கூட மறந்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, "நீங்க சாஃப்ட்வேர் போடலையா?" என்பார். போடவில்லை என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். அது எத்தனை வகைத் தளங்களைத் தடுக்கும், எத்தனை நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும், பிள்ளை எதைத் தட்டியது, எத்தனை தரம் தட்டியது என்பதையெல்லாம் எப்படி வாராவாரம் பட்டியல் போட்டு அனுப்பும் என்று, பாயசம் வந்து ஆறி ஆடை கட்டும் வரைக்கும் சொல்லுவார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம் பொண்ணு மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு சார். இந்த இன்டர்நெட் மேலதான் நம்பிக்கை இல்ல" என்பார். இதைச் சொல்லாத பாஸ்வேர்டு அப்பாவை நான் இதுவரை கண்டதில்லை. நம்பிக்கை இருக்கிறவர் எதற்கையா வாராவாரம் வேவு அறிக்கை வாங்கிப் படிக்கிறார்? கேட்டுப் பாருங்கள். "அது வேற, இது வேற" என்பார்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஆளாளுக்கு 'நான் அவனில்லை' என்று நழுவிவிடுவீர்கள். ஆகவே ஓர் ஆளைப் பிடித்து நிறுத்துகிறேன். எங்கள் எதிர்வீட்டுச் செங்குட்டுவன். அனல் மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் ஃபோர்மேன், பெர்மனென்ட். மனைவி அம்சவல்லி, பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர். ஒரே மகள் இளவேனில், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான் சொல்வது இரண்டாயிரத்துப் பதினான்கில் நடந்தது.

மின் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்விட்சில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, பெர்மிட் புத்தகத்தில் எழுதி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்தபின் அதே ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அட்டை இறங்கும், கரண்ட் ஏறும். போனில் சொன்னால் செல்லாது. மேலதிகாரி சொன்னாலும் செல்லாது. நல்ல வழக்கம். மோட்டாருக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவனின் உயிரே அதில்தான் இருக்கிறது. செங்குட்டுவன் அந்தப் புத்தகத்தை இருபத்தாறு வருஷம் ஒரு பிசகு இல்லாமல் நடத்தியவர். சனியன் என்னவென்றால், அவர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சென்னையிலிருந்து வந்த அக்காள் மகன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று அது நாற்பத்திரண்டு வகைகளைக் காட்டிக் கேட்டது. செங்குட்டுவன் யோசிக்கவே இல்லை. "எல்லாத்தையும் டிக் பண்ணுப்பா." ஆபாசம், சூதாட்டம், போதை சரி, விளையாட்டு, சினிமா, சமையல், ஆன்மிகம் எல்லாம் போயிற்று. அம்சவல்லி வடகத்துக்கு மாவு அளவு பார்க்கத் தட்டியபோது, திரை முழுக்கச் சிவப்பாக ஒரு கை எழுந்து நின்று 'நில்' என்றது. பாவம், அந்த அம்மாள் பயந்துபோய்க் கம்ப்யூட்டர் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

தினம் ஒரு மணி நேரம் அனுமதி. அதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, நேரம், நோக்கம், கையெழுத்து. பதினேழு வயதுப் பெண், 'நோக்கம்: கரிம வேதியியல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்ததும் விசாரணை. வாராந்திர அறிக்கையை ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்காருவார். எங்கள் வீட்டு வராந்தா வரைக்கும் கேட்கும்.

"வியாழக்கிழமை நாலு பதினேழுக்குத் தவளைன்னு தேடியிருக்க. எதுக்கு?"

"பயாலஜிப்பா."

"தவளைக்கு எதுக்கு ஒம்போது நிமிஷம்?"

இதற்கு என்ன பதில் சொல்லுவீர்கள்? செங்குட்டுவனோ 'தவளை, ஒன்பது நிமிடம், திருப்தியில்லை' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

இந்தக் காவல் தெய்வத்தின் சொந்தக் கைப்பேசி யோக்கியதையைக் கேட்காதீர்கள். ஷிப்ட் பஸ்ஸின் கடைசி வரிசையில் ஆறு மண்டைகள் ஒரு திரைமேல் கவிழ்ந்துகிடக்கும்; நடு மண்டை இவருடையது. அதற்கு எந்தச் சிவப்புக் கையும் எழுந்து நின்றதில்லை. எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை கெடுபிடியும் ஒரு காரியத்துக்காக என்றுதான் அவர் நினைத்தார். இளவேனிலுக்கு மண் பைத்தியம். பள்ளியில் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனபோது, மற்ற பிள்ளைகள் ராட்சத இயந்திரத்தை வாய் பிளந்து பார்க்க, இவள் வெட்டிய மண்சுவரில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவள். நிலவியல் படிக்க வேண்டும். வடக்கே ஒரு பெரிய விஞ்ஞானக் கல்லூரி. அதற்கு நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். இரண்டு வருஷமாக அதற்கென்றே படித்தாள். செங்குட்டுவனும் பஸ் முழுக்க, "எம் பொண்ணு சயின்டிஸ்ட்" என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விண்ணப்பத்தை அவள் முன்கூட்டியே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போடவிட்டால்தானே! முதலில் காகிதத்தில் எழுதிக் காட்டு, நான் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை ஒன்பது நாள் அடைகாத்தார். கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மதியம் ஒரு மணியோடு தளம் மூடப்படும். செங்குட்டுவன் காலை ஷிப்ட், இரண்டரைக்குத்தான் வீடு. இளவேனில் பத்து மணிக்கு உட்கார்ந்தாள். இந்தியாவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அதே நேரத்தில் அதே தளத்தில் மொய்த்ததால் பக்கம் நகர மாட்டேன் என்றது. புகைப்படம் பெரிது என்றது. சின்னதாக்கினால் சிறிது என்றது. கையெழுத்துப் படம் ஏறிக்கொண்டிருக்கும்போது மணி பதினொன்று. அன்றைய ஒரு மணி நேரம் தீர்ந்தது. சிவப்புக் கை எழுந்தது.

அம்சவல்லி, குவார்ட்டர்ஸுக்குக் கம்பெனி கொடுத்திருந்த போனில் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, அவர் பேசியதை நானே கேட்டேன். அந்தப் பக்கம் பேசியதைப் பிறகு அம்சவல்லியே என்னிடம் அப்படியே சொன்னார்.

"ஏங்க, புள்ள அழுதுகினு கெடக்குது. அந்தப் பாஸ்வேர்ட சொல்லுங்க, ஒரு நிமிஷத்துல போட்டுக்கிறோம்."

"போன்ல சொல்ற பழக்கமே நம்மகிட்ட கெடயாது."

"இது என்னாங்க மோட்டாரா? நம்ம வூட்டு கம்ப்யூட்டருங்க!"

"நீயா பேசுறியா, அவ சொல்லிக் குடுத்துப் பேசுறியா?"

"ஒரு மணிக்கு மூடிடுவாங்களாம்ங்க!"

"கடைசித் தேதின்னுதான் சொல்லுவானுங்க, அப்புறம் தள்ளி வெப்பானுங்க. நான் பாக்காத கடைசித் தேதியா? பூட்டுனது நானு, நான் வந்துதான் தொறப்பேன். வை போன."

வைத்துவிட்டார்.

அடுத்து அந்தப் பெண் எங்கே போவாள்? எதிர்வீட்டுக்குத்தான். என்னிடமும் கம்ப்யூட்டர் இருந்தது, இணைப்பும் இருந்தது. இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவந்த நான் இங்கே கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஏனென்றால் செங்குட்டுவன் ஆறு மாதம் முன்பே வீடு வீடாக வந்து, "எம் பொண்ணு வந்து கம்ப்யூட்டர் கேட்டா குடுக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் பெரிய மனுஷனாகத் தலையாட்டியிருந்தேன். விண்ணப்பக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவளிடம் நான் சொன்னது இதுதான்: "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுறேன்மா. நாளைக்கு அவரு என்னைக் கேக்கக் கூடாது பாரு." கேட்பதற்குக் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன். எங்கேயோ மோட்டார் நின்றுவிட்டதாம், ஃபோர்மேன் அங்கே போயிருக்கிறாராம். மறுபடி போட்டேன். அதே பதில். இப்படியே அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வெட்கம் கெட்ட அரை மணி நேரம். அவள் சைக்கிளை எடுத்தாள்.

மெயின் பஜாரில் தைரியநாதன் பிரௌசிங் சென்டர். அங்கேயும் நம் ஆள் முந்திக்கொண்டிருந்தார். மகளின் பெயர், வகுப்பு, வட்டம், குவார்ட்டர்ஸ் எண் எல்லாம் எழுதி, 'அனுமதிக்க வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்ட காகிதம் தைரியநாதன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. தைரியநாதனுக்குப் பெயரில் மட்டும்தான் தைரியம்.

"ஒங்கப்பா எழுதியே குடுத்துருக்காரும்மா. நாளைக்கு வந்து சண்டைக்கு நின்னாருன்னா?"

"அண்ணே, ஒரு மணிக்கு மூடிடுவாங்கண்ணே."

தைரியநாதன் காகிதத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மனசு இளகி, "சரி, அந்த மூணாம் நம்பர்ல ஒக்காரு" என்று அவர் சொல்லும்போது பன்னிரண்டு நாற்பது. எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. புகைப்படம் ஏறியது. கையெழுத்து பாதி ஏறும்போது மணி ஒன்று. தளம் மூடிக்கொண்டது. தைரியநாதன் அன்று அவளிடம் காசு வாங்கவில்லை.

இரண்டரைக்குச் செங்குட்டுவன் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார், கை கால் கழுவினார், எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை அடித்தார். சிவப்புக் கை மரியாதையாக விலகியது. உள்ளே 'விண்ணப்பக் காலம் முடிந்தது' என்று இருந்தது. தேதியைத் தள்ளி வைக்கவில்லை. திங்கள் வைக்கவில்லை, செவ்வாயும் வைக்கவில்லை. "சர்வர் சரியில்ல. இந்த நாட்டுல எதுதான் சரியா நடக்குது?" என்றார் செங்குட்டுவன். அந்தாள் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது எனக்கு. விட எனக்கு ஏது யோக்கியதை?

அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் அறிக்கை வந்தது. அதை அச்செடுக்காமல் என்னிடம் திரையிலேயே காட்டினார், என்னவோ புரியவில்லை என்று. தடுக்கப்பட்ட முயற்சிகள்: முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் ஒரே முகவரி, அந்தக் கல்லூரியின் முகவரி. பதினோரு மணியிலிருந்து அம்மாவும் மகளும் மாறி மாறித் தட்டியிருக்கிறார்கள். அடியில் பச்சை எழுத்தில், 'இந்த வாரம் உங்கள் குழந்தை பாதுகாப்பாக இருந்தது' என்று ஒரு வாழ்த்து.

இளவேனில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில், சீட்டு மீதமிருந்த ஏதோ ஒரு பாடத்தில் சேர்ந்தாள். போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் செங்குட்டுவன் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் பழக்கத்துல இருக்கு சார். இப்பல்லாம் எம் பொண்ணு நெட்டே கேக்குறதில்ல. எங்கிட்ட எதையுமே கேக்குறதில்ல." அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

உங்களுக்கு அந்த ஆள்மேல் கோபம் வருகிறதா? வரட்டும், தப்பில்லை. ஒன்றே ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்த நடுவில், உள்ளறையில் ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லையே என்று சத்தம் போடாமல் எழுந்துபோய், கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வந்துதானே மீதியைப் படித்தீர்கள்?