பித்தோம் யார் தலையில்?

"மேஸ்திரி, உங்க புது அறை பித்தோமுக்குள்ள நிக்குது போலிருக்கே" என்று டாக்டர் நெவீன் சொன்னதும், பயூமி தேநீரைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டார்.

டாக்டர் கெய்ரோவிலிருந்து வந்து, பழைய நகரம் புதைந்த ஊர் மேட்டைத் தோண்டுகிற தொல்லியல்காரர். தோண்டும் ஆட்களுக்குப் பயூமி மேஸ்திரி. மகன் கல்யாணத்துக்காக மேட்டோரம் யாரையும் கேட்காமல் ஓர் அறை கட்டியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார்தானே வீடு தர வேண்டும்? அறை இல்லையென்றால் பெண்ணும் இல்லை என்று, பக்கத்து மேட்டு ஊர்ச் சம்பந்தி ஹாஜி மெத்வல்லி கறாராகச் சொல்லிவிட்டார். குளியலறைக்கு டைல்ஸ் வேறு கேட்டார், புண்ணியவான்.

வேதத்தில் வரும் பித்தோம் நகரம் இந்த மேடா, அந்த மேடா என்று அறிஞர்களுக்குள் ஓயாத சண்டை. எந்த மேடு என்று முடிவாகிறதோ, அதைச் சுற்றி வேலி விழும். உள்ளே அகப்பட்ட வீடெல்லாம் தரைமட்டம்.

"இந்த மேடுதான்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"வைக்கோல் கலக்காத மண்கல் கிடைச்சிருக்கே. பித்தோம் கட்டின அடிமைங்களை ராஜா வைக்கோல் தராம கல் அறுக்கச் சொன்ன வேதக் கதை தெரியும்ல?"

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊரே போயிருந்தபோது, பயூமி அந்தக் கற்களைக் கூடை கூடையாகப் பெயர்த்துக் குளியலறைச் சுவரில் வைத்துப் பூசிவிட்டார். சாட்சியும் ஒழிந்தது, சுவரும் எழும்பியது.

மறுநாள் டாக்டர் குழந்தை மாதிரி குதித்தார். மேல்சுவர் போன இடத்தில் களஞ்சிய அறைகள் வரிசையாக வெளியே தெரிந்தன. பித்தோம் பண்டசாலைப் பட்டணமாமே! சுவர் தானாகச் சரிந்ததும் நல்லதுக்குத்தான் என்று பயூமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பித்தோம் என்றாலே அத்தும் சாமியின் வீடு என்று அர்த்தமாம்; இனி அந்தச் சாமி பெயர் வெட்டிய ஒரு கல் கிடைத்தால் போதுமாம்.

பயூமி வீட்டுக்கு ஓடினார். அவர் வீட்டு வாத்துகள் தாத்தா காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதே, ஏதோ எழுத்து வெட்டிய ஒரு கல்தொட்டியில்தான்.

"வாய்க்கால்ல தள்ளி விட்டுடேன்" என்றாள் மனைவி ஸபாஹ்.

"தூர்வாரினா திரும்ப நம்ம வாசலுக்கே வரும்டி."

தொட்டியைக் கழுதை வண்டியில் ஏற்றி, மேலே பசுந்தீவனத்தைப் பரப்பி, ஓட்டிப்போய்ச் சம்பந்தி ஊர் மேட்டுப் பள்ளத்தில் உருட்டிவிட்டு வந்தார். டைல்ஸ் கேட்ட வாய்தானே, பித்தோமையும் வாங்கிக்கட்டும்! ஹாஜியின் வீடு ஊர்க்கோடியில் இருக்கிறது, வேலி அவ்வளவு தூரம் வராது என்று மனசையும் தேற்றிக்கொண்டார்.

கல் கிடைத்தது. அத்துமேதான். அறிஞர் குழு கூடிப் பேசி, பித்தோமை அந்த மேட்டுக்கே அனுப்பிவைத்தது. பயூமி பாடிக்கொண்டே டைல்ஸ் ஒட்டினார்.

பெண் வீட்டுச் சீர் வரும் நாள். மேளம் கேட்டதும் ஸபாஹ் குலவையிட்டாள். முதல் வண்டியில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ். இரண்டாவதில் இன்னும் நாலு கட்டில். மூன்றாவதில் எருமையும் புறாக்கூண்டுகளும். பயூமிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட தாராள மனசுக்காரரையா கஞ்சன் என்று நினைத்தோம்! நாலாவது வண்டியில் கதவு, ஜன்னல்களோடு ஹாஜியின் மாமியாரும் மெத்தைமேல் உட்கார்ந்து வந்தார்.

"மாமியாரையுமா சீரா குடுக்கிறாங்க?" என்றார் பயூமி.

வண்டிக்காரன் கீழே குதித்தான்.

"மொத வண்டிதான் சீரு, மேஸ்திரி. மத்ததெல்லாம் வேலிக்குள்ள போன வீடு. டைல்ஸ் ஒட்டியாச்சான்னு ஹாஜி கேட்டுவரச் சொன்னாரு."