ஒரே கொப்பரையில் மூன்று பனியன்

“எங்களுக்கு வாய்ப்பே கொடுக்க மாட்டேங்கறாங்க” என்று புலம்பும் இளைஞர்களைப் பார்த்தால் நான் மெல்ல இடத்தைக் காலி பண்ணிவிடுவேன். நானும் அந்த வயதில் ஊர் முழுக்க அப்படித்தான் புலம்பிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கொடுத்துத் தொலைத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது. அதில் பெரியவர்கள் டீம் ஒன்று, ஜூனியர் செட் ஒன்று. ஜூனியர் செட் என்பதை இன்றைய பாஷையில் அகாடமி என்று சொல்லிக்கொள்ளலாம். (சொன்னால் அகாடமிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) காலையில் எங்களை ஓடவிட்டு, உதைக்கவிட்டு, நாக்குத் தள்ள வைப்பார்கள். மாலையில் பெரியவர்கள் ஆடும்போது கோலுக்குப் பின்னால் நிறுத்திப் பந்து பொறுக்க வைப்பார்கள். மேட்சில் இறக்கச் சொன்னால் கேப்டன் தாமு அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்.

“மீசை மொளைக்கட்டும்பா.”

தாமு அண்ணன் பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். ஆயிரம் புடவையைப் பிரித்துக்காட்டினாலும் முகம் சுளிக்காத மனுஷன், ஜூனியர் என்று சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் விடவில்லை. “தனாவை எறக்கிப் பாருண்ணா, அவன் ஒருத்தன் போதும்” என்று அவர் கடை வாசலிலேயே போய் நின்று நச்சரித்தேன்.

தனா என் கூட்டாளி. நெட்டையாக, கொக்கு மாதிரி இருப்பான். ஆனால் பந்து அவன் காலில் பட்டுவிட்டால் அதைப் பிடுங்க யாராலும் ஆகாது. பெரியவர்கள் டீமில் அவனைவிட நன்றாக ஆடுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அதனால்தான் இறக்கவில்லை. (நான் எப்படி ஆடுவேன் என்று கேட்கிறீர்களா? நன்றாகப் பேசுவேன்.)

அந்த வருஷம் பக்கத்துக் கிராமமான கூரத்து டீமோடு ஒரு மேட்ச், ஊரே கோயிலில் திரளும் கருட சேவை அன்று சாயங்காலம். அந்த நாளில் மேட்ச் வைத்த புண்ணியவான் நிச்சயம் வெளியூர்க்காரராகத்தான் இருக்கவேண்டும். எங்கள் டீமில் மூன்று பேர் சின்ன காஞ்சிபுரத்து ஆட்கள், விடியற்காலையில் பெருமாளைத் தோளில் சுமக்கப் போகிறவர்கள். சுமந்துவிட்டு வந்தால் தோள் வீங்கி, சாயங்காலம் எழுந்து உட்காரவே முடியாது. மேட்சுக்கு முதல் நாள் தாமு அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நீ, தனா, ரவி, மூணு பேரும் நாளைக்கு எறங்குங்க. மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறவரு மேட்ச் பாக்க வர்றாராம். ஒழுங்கா ஆடுனா இனிமே எல்லா மேட்சுக்கும் ஜூனியர்ல ரெண்டு பேரு. போதுமா?”

“ஜெர்சிண்ணா?”

“அவனுங்க ஜெர்சி அவனுங்க வூட்ல கெடக்குது. கருட சேவைக் கூட்டத்துல சின்ன காஞ்சிபுரம் போயி எவன் எடுத்துக்கினு வர்றது? அரக்குக் கலர்ல பனியன் எதுனா போட்டுக்கினு வாங்க.”

ரவி எங்களில் சின்னவன். அவன் முகம் தொங்கிப்போனது. அரக்குக் கலர் பனியனுக்கு எங்கே போவது? நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சாயக்காரன் வூட்ல பொறந்துட்டு கலருக்குக் கவலைப்படுவேனா? பனியனைக் கொடுங்கடா” என்றேன்.

என் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டின் பின்பக்கம்தான் பட்டறை. அவர் போட்ட அரக்கைப் பத்து வருஷம் கழித்தும் புடவையில் பார்த்து அடையாளம் சொல்வார்கள். மறுநாள் காலை வீட்டில் எல்லோரும் கருட சேவைக்குப் போனபிறகு, கொப்பரையில் மிச்சமிருந்த அரக்குச் சாயத்தண்ணீரைச் சூடுபண்ணி, மூன்று வெள்ளைக் காட்டன் பனியன்களையும் முக்கினேன். கோலால் கிண்டும்போது என் வாழ்க்கையே அரக்குக் கலரில் ஜொலிப்பதுபோல இருந்தது.

பட்டுக்குப் போடுகிற சாயம் பருத்தியில் நிற்காது. எங்கள் தெருவில் இது நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால், ஒரு சாயங்காலம்தானே, அதுவரைக்குமா நிற்காது என்று நினைத்தேன். மத்தியான வெயிலில் பனியன் மொறமொறவென்று காய்ந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. (காய்ந்த விரலால் தேய்த்தால் எப்படி ஒட்டும், மடையா.)

வைகாசி வெயில். மேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே வேர்த்து ஊற்றியது. வேர்வையோடு அரக்கும் இறங்கியது. முதலில் கழுத்து, அப்புறம் கை, அப்புறம் வெள்ளை டிராயர். ரவியின் தொடையில் கோடு கோடாக ஓடியதைப் பார்த்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, “பாவம், புள்ளைக்கு எங்கயோ நல்ல அடி, சொல்லாம ஆடுதுபா” என்று உச்சுக்கொட்டினார்.

கூரத்துக்காரர்களுக்கு வெள்ளை ஜெர்சி, அதுவும் புதுசு. எங்கள் மூன்று பேர் பக்கத்தில் வரவே அவர்கள் கூசினார்கள். நான் கிட்டே போனால் பந்தை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். என் ஆட்டத்துக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

தனாவுக்கு அந்தத் தயவெல்லாம் தேவைப்படவில்லை. இடைவேளைக்கு முன்னால் இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாவது ஆளை உட்காரவைத்து, ஒரு கோல் போட்டான். தாமு அண்ணன் கைதட்டினார். எல்லைக்கோட்டுப் பக்கம் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்த மாவட்டத்து ஆள் எங்கள் பொருளாளரிடம், “அந்த நெட்டைப் பையன் பேரு என்ன?” என்று கேட்டாராம். தனா கோலுக்கு நேராக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் கோல் முன்னால் ஒரே கும்பல். எங்கள் கோலி கீழே விழுந்து கிடக்கிறார். பந்து என் தலைக்கு மேலே உள்ளே போகப்போகிறது. நான் எதுவும் யோசிக்கவில்லை, கை தானாகத் தூக்கிக்கொண்டது. பந்து கம்பிக்கு மேலே போய் வெளியே விழுந்தது. கும்பலில் ரெஃபரிக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையில் பட்டது என்று நினைத்து கார்னர் கொடுத்தார்.

கூரத்துப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு கார்னருக்குப் போனான். வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். பந்தைத் திருப்பிப் பார்த்தான். கத்தவில்லை, ஓடவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேராக ரெஃபரியிடம் போனான்.

வெள்ளைப் பந்தில் அரக்கு நிறத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சு அசலாக விழுந்திருந்தது.

ரெஃபரி ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். எங்களை வரிசையாக நிற்கவைத்து, “எல்லாரும் கையைக் காட்டு” என்றார். காட்டினோம். பெரியவர்கள் கையெல்லாம் சுத்தம். எங்கள் மூவர் கையும் அரக்கு. வளையல் கடையில் அளவு பார்ப்பதுபோல ஒவ்வொரு கையாகப் பந்தின்மேல் வைத்துப் பார்த்தார். ரவி கை சின்னது. தனா கை பெரியது. என் கைக்கு வரும்முன்பே நான், “நான்தான் சார்” என்றேன். இருந்தாலும் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்தது.

அவரிடம் சிவப்பு அட்டை இல்லை. என் பனியனையே தொட்டுக் காட்டி வெளியே போகச் சொன்னார்.

பெனால்டியில் கோல் விழுந்தது. நான் போனதோடு முடிந்திருந்தால் இதை நான் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். தாமு அண்ணன் தனாவையும் ரவியையும் கூப்பிட்டு, “வெளிய வாங்கடா” என்றார்.

“அண்ணா, தனா இன்னா பண்ணான்? கோல் போட்டவனே அவன்தான்” என்று ஓடினேன்.

“மூணும் ஒரே கொப்பரைல முக்குனது. ஒண்ணு சாயம் விட்டா மூணும் விடும். போடா.”

தனாவுக்குப் பதிலாக இறங்கியவர் கிளப் பொருளாளர். தொந்தியும் தொப்பையுமாக, பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு. அவர் பக்கமாகப் புகுந்துதான் கூரத்துக்காரர்கள் அடுத்த கோலைப் போட்டார்கள். தனா எல்லைக்கோட்டில் உட்கார்ந்து பனியனைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். மாவட்டத்து ஆள் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். நான் பின்னாலேயே ஓடி, “சார், அவன் பேரு தனசேகர் சார்” என்று கத்தினேன். அவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா காலியான கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “கையைக் காட்டு” என்றார் அவரும். பருத்தியில் நிற்காத அந்தச் சாயம் தோலில் அருமையாக நின்றது. எத்தனை தேங்காய்நார் போட்டுத் தேய்த்தும் பல நாள் போகவில்லை. அப்பா அடிக்கவில்லை. ஆனால் கடைத்தெருவில், “உங்க சாயம் நிக்குமா?” என்று சிரித்தவர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

அதன்பிறகு பல வருஷம் கிளப்பில் ஜூனியர் பையன் எவனையும் மேட்சில் இறக்கவில்லை. எவனாவது வாய் திறந்தால் என் பெயரைச் சொல்லி உட்காரவைத்தார்கள். தாமு அண்ணன் மனசு இளகி ஒருநாள் தனாவைக் கூப்பிட்டு அனுப்பியபோது, அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எது காணாமல் போனாலும், எது உடைந்தாலும், முதலில் என் கையைத்தான் கேட்பார்கள். கல்யாணத்தில் மருதாணி வைக்கும்போதே என் தங்கை என் மனைவியிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். ஃப்ரிட்ஜில் மைசூர்பாக்கு குறைந்தால் என் மகள், “அப்பா, கையைக் காட்டு” என்கிறாள்.

போன மாதம் தனா எங்கள் வீட்டுக்கு வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

“எம் பையனை நாளைக்குப் பெரிய டீம்ல எறக்குறாங்கபா. பதினாறு வயசுதான் ஆவுது” என்றான். கவரிலிருந்து ஜெர்சியை எடுத்து விரித்தான். கடையில் வாங்கியது, பின்னால் நம்பரெல்லாம் போட்டு, நல்ல அரக்கு நிறம். துணியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

தனா சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“அங்கருந்தே பாருபா.”

வீடே சிரித்தது. நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தேன். தனாவும் சிரித்தான், ஜெர்சியை மடித்துக் கவரில் போட்டு, கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட பிறகு.